கவுண்டியில் ஒரு வழக்கம்

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். அங்கே பிறந்து ஹாக்கி வராதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மைதானத்துக்கு வெளியே நின்று ஆடுகிறவர்களுக்குப் புத்தி சொல்வது. இன்னொன்று, கிரிக்கெட். பாலகுரு இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

அவருடைய கிரிக்கெட் வாழ்க்கையை இரண்டு பாகங்களாகப் பிரிக்கலாம். முதல் பாகம் இங்கிலாந்தில் மூன்று நாள் நடந்தது. இரண்டாம் பாகம், அந்த மூன்று நாளைப் பற்றி சவூதியில் ஜுபைலில் பதினோரு வருடமாகப் பேசியது.

முதல் பாகத்தைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. எம்.பி.ஏ. படிக்க இங்கிலாந்துக்குப் போனார். கல்லூரி ஒரு பொரித்த கோழிக்கடையின் மாடியில் இருந்தது. வார நாட்களில் கிடங்கு வேலை, நேரம் கிடைத்தால் மார்க்கெட்டிங், சனிக்கிழமை அந்த ஊர் கிளப்பின் இரண்டாம் அணிக்கு ஆட்டம். அங்கே கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. அதிலும் பெரிய கவுண்டி, சின்னக் கவுண்டி என்று ஏற்றத்தாழ்வு உண்டு. பெரியதில் சம்பளத்துக்கு ஆடுவார்கள். சின்னதில் பல் டாக்டரும் பள்ளிக்கூட வாத்தியாரும் உரக்கடைக்காரரும் லீவு போட்டுவிட்டு வந்து ஆடுவார்கள். அப்படி ஒரு சின்னக் கவுண்டியின் இரண்டு ஆட்டக்காரர்கள் வந்த கார் வழியில் நின்றுபோனது. வெள்ளை உடுப்பு வைத்திருக்கிற எவனையாவது அனுப்புங்கள் என்று கிளப்புக்குப் போன் வந்தது. பாலகுருவிடம் வெள்ளை உடுப்பு இருந்தது.

முதல் நாள் மழை. இரண்டாம் நாள் அவரை எல்லைக்கோட்டின் கடைசியில் நிறுத்தினார்கள். குளிருக்குக் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றவரின் கைக்குள் ஒரு பந்து வந்து உட்கார்ந்துகொண்டது. அதுதான் கேட்ச். மூன்றாம் நாள் ஒன்பதாவது ஆளாக இறங்கி, ஒரு மணி நேரம் நின்று, பதினோரு ரன் எடுத்தார். ஆட்டம் யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்தது. மறுநாள் கார் சரியானது. கவுண்டி வாழ்க்கை முடிந்தது.

இரண்டாம் பாகம் தொடங்கிய இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜுபைலில் ஒப்பந்தக் கம்பெனிகளுக்கு ஆள் எடுப்பதில் ஒரு முறை உண்டு. வெல்டர் என்றால் குழாயைக் கொடுத்து ஒட்டச் சொல்வார்கள். எலக்ட்ரீஷியன் என்றால் வயரைக் கொடுப்பார்கள். கிரிக்கெட் ஆடுகிறவன் என்றால் எதையும் கொடுக்க மாட்டார்கள். மானேஜர் எழுந்து வந்து கைகொடுப்பார். வெள்ளிக்கிழமை லீகில் பக்கத்துக் கம்பெனியைத் தோற்கடிப்பதற்காக, வேறொரு வேலையின் பெயரில் ஆட்டக்காரர்களைக் கொண்டுவருவது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பாலகுரு அப்படி வந்தார். அவருடைய இக்காமாவில், அதாவது அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டையில், மெட்டீரியல் கோஆர்டினேட்டர் என்று இருந்தது. எந்த மெட்டீரியலை எதோடு கோஆர்டினேட் செய்கிறார் என்று அவரும் கேட்கவில்லை, மெட்டீரியலும் கேட்கவில்லை.

வந்த வாரமே அவருக்கு 'கவுண்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. சத்தியமங்கலம் பக்கத்து ஃபிட்டர் ஒருவர், "நம்மாளுங்களா, எந்த ஊர்ப் பக்கமுங்க?" என்று ஆசையோடு வந்து விசாரித்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் ஏமாந்து திரும்பிப் போனார். மற்றபடி பெயர் நிலைத்தது.

கவுண்டி என்ற ஒரு சொல் பாலகுருவுக்கு என்னவெல்லாம் கொடுத்தது என்று பார்த்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். கம்பெனியின் தொழிலாளர்கள் கேம்ப்பில் ஓர் அறைக்கு ஆறு பேராக, கட்டிலின் மேல் கட்டில் போட்டுக் கிடந்தார்கள். கிரிக்கெட் டீம் மட்டும் வில்லாவில் இருந்தது. அங்கே தனித்தனி ஏசி, ஒரு மலப்புரத்துச் சமையல்காரர், துணி துவைக்க மெஷின். வியாழன் மதியமே 'பிராக்டிஸ்' என்று வேலையை முடித்துக்கொள்ளலாம். முக்கியமாக, ஷட்டவுன் கிடையாது. ஷட்டவுன் என்றால் ஆலையை வருடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் குடல் வரை பிரித்துச் சுத்தம் செய்யும் காலம். அப்போது கம்பெனியில் கை கால் உள்ள எல்லோரையும் சைட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். வெயிலில் பன்னிரண்டு மணி நேர டியூட்டி, தலையில் ஹெல்மெட், மூக்கில் கந்தக வாடை. பதினோரு ஷட்டவுன் வந்து போயிருக்கிறது. பாலகுரு ஆலையின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

இதற்குப் பதிலாக அவர் கொடுத்தது ஆலோசனை. முதல் இரண்டு வருடம் ஓரளவு ரன்னும் கொடுத்தார். பிறகு முட்டி வலித்தது, பிறகு முதுகு, பிறகு கண்ணுக்குள் மணல். மூன்றாவதாக ஆடியவர் ஐந்தாவதாகி, எட்டாவதாகி, கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் காட்டுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். யார் எதைச் செய்தாலும் அவரிடம் ஒரு கவுண்டி வழக்கம் இருந்தது. கேட்சை விட்டால், "கவுண்டியில இதுக்கு ஒரு பிடி உண்டு." மழை தூறினால், "கவுண்டியில இதெல்லாம் மழையே இல்ல." பிரியாணியில் உப்புக் குறைந்தாலும் கவுண்டியில் அது பற்றி ஏதோ இருந்தது.

இதையெல்லாம் வாய் பிளந்து கேட்ட ஒரே ஜீவன் ஜெனரல் மானேஜர் கோபாலசாமி. டீமின் கேப்டனும் அவர்தான், தொடக்க ஆட்டக்காரரும் அவர்தான். இரண்டு பதவிக்கும் தகுதி ஒன்றே: அவர் ஜெனரல் மானேஜர். மட்டை லண்டனில் வாங்கியது, கால் காப்பு மெல்போர்னில், கறுப்புக் கண்ணாடி துபாயில். ஆட்டம் மட்டும் சொந்தத் தயாரிப்பு. வருகிற பந்தையெல்லாம் முன்காலை நீட்டி, குனிந்து, மிகுந்த மரியாதையோடு தரையில் வைப்பார். வைத்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார், போட்டோ எடுக்கிறவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று.

அவர் சுலபத்தில் அவுட் ஆவதில்லை. அதற்கு லீகின் வழக்கம் ஒரு காரணம். வெளியாள் அம்பயரை வைத்துக்கொள்ள யாருக்கும் வசதியில்லை. ஆகவே பேட்டிங் செய்கிற கம்பெனியே இரண்டு பேரை அம்பயராக நிறுத்தும். அவுட் ஆகித் திரும்பியவன் கால் காப்பைக் கழற்றிவிட்டு, லேபில் இருந்து கொண்டுவந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போக வேண்டும். தன் மானேஜரைப் பார்த்து விரலைத் தூக்குவதற்கு ஒருவனுக்குக் குடும்பம் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த லீகின் வரலாற்றில் எந்த மானேஜரும் எல்பிடபிள்யூ ஆனதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், கம்பெனியின் அரபு முதலாளியான கஃபீலின் மகன் அமெரிக்காவில் படித்து முடித்துவிட்டு வந்து சேர்ந்தான். அப்பா கம்பெனியை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். வில்லாவில் பாலகுரு டிவி முன்னால் காலை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இவர் என்ன செய்கிறார் என்று கேட்டான். கிரிக்கெட் டீம் என்றார்கள். அலமாரியில் கோப்பை எதுவும் இல்லையே என்றான். அந்தக் கேள்வியை யாரும் அதுவரை கேட்டதில்லை.

ஆபீசில் நடந்ததை ஹெச்ஆரில் இருக்கும் சுரேஷ்குமார் வில்லாவுக்கு வந்து சொன்னான். டீமின் நல்ல பேட்ஸ்மேன்களில் அவன் ஒருவன்.

"ஒரே பேச்சுண்ணே. இந்த வருசம் கப்பு வந்தா டீம் இருக்கும். இல்லேன்னா மாஃபி கிரிக்கெட், கலாஸ். வில்லாவைக் காலி பண்ணி எல்லாரும் கேம்ப்பு, அடுத்த வாரத்துல இருந்து ஷட்டவுன்."

"எல்லாருமா?" என்றார் பாலகுரு.

"உங்க பேரைத்தான் ரெண்டு தடவை கேட்டான்."

அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும்; டீம் ஃபைனல் வரை வந்திருந்தது. அரையிறுதியில் எதிர்க் கம்பெனியின் பஸ் பழுதாகி வர முடியாமல் போனதில். வாகனங்கள் பாலகுருவுக்கு என்றுமே துரோகம் செய்ததில்லை.

ஃபைனல் வெள்ளிக்கிழமை அதிகாலையிலேயே தொடங்கியது. ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ரோடு ரோலர் ஓட்டித் தட்டிய மணல்தரை, நடுவில் சிமென்ட் மேல் பச்சைப் பாய், எல்லைக்கோட்டுக்கு சைட்டில் இருந்து எடுத்து வந்த ஆரஞ்சுக் கூம்புகள். எதிரணி அல் கோபாரிலிருந்து வந்த ஒரு டிரேடிங் கம்பெனி. அதன் கேப்டன் முகம்மது ரிபாய், காயல்பட்டினத்துக்காரர், சேஃப்டி ஷூவும் கையுறையும் விற்கிறவர். எந்தக் கம்பெனியில் எந்த மானேஜருக்கு எந்த இடத்தில் சொறிந்தால் பிடிக்கும் என்று அறிந்த வியாபாரி.

முதலில் ஆடி ரிபாயின் ஆட்கள் இருபது ஓவரில் நூற்று முப்பது எடுத்தார்கள். பாலகுருவின் டீமுக்கு அது எட்டாத எண் இல்லை. சுரேஷ்குமார் இறங்கிய வேகத்தில் விளாசித் தள்ளிவிட்டு அவுட் ஆனான். மூன்றாவதாகப் பாலகுருவே இறங்கினார். வாழ்வா சாவா ஆட்டத்தில் கவுண்டிக்காரர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று கோபாலசாமி சொல்லிவிட்டார். முதல் பந்தைப் பாலகுரு தடுத்தார். இரண்டாவதைத் தட்டியதும் எதிர்முனையிலிருந்து கோபாலசாமி, "எஸ்" என்று கூப்பிட்டார். பாலகுரு ஓடினார். பாதியில் கோபாலசாமி, "நோ, நோ, பாலகுரு, கோ பேக்" என்றார். நாற்பத்து நான்கு வயது முட்டி பாதி வழியில் திரும்புவதற்குள் குச்சி பறந்துவிட்டது.

"பேட் லக்" என்றார் கோபாலசாமி. "காலிங் வாஸ் மைன், பட் ஜட்ஜ்மென்ட் வாஸ் யுவர்ஸ்."

பாலகுரு வெளியே போய், கால் காப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அம்பயராகத் திரும்பி வந்தார்.

அடுத்து வந்தவன் சோலைமுத்து. கமுதிப் பக்கத்துப் பையன், கிரேன் தூக்கும் பாரத்துக்குக் கயிறு கட்டும் ரிக்கர் வேலை; டீமுக்குப் புதிது, வில்லாவில் இடமில்லாமல் இன்னும் கேம்ப்பில்தான் இருந்தான். அவனுக்குக் கிரிக்கெட்டில் தெரிந்தது ஒன்றுதான், பந்தை ஆரஞ்சுக் கூம்புக்கு அப்பால் அனுப்புவது. ஆனால் அனுப்புவதற்குப் பந்து வர வேண்டும். கோபாலசாமி ஓவரின் ஐந்து பந்தைத் தரையில் வைப்பார், ஆறாவதைத் தட்டி ஒரு ரன் ஓடிவிடுவார். அனுபவசாலிதான் நெருக்கடியில் ஸ்ட்ரைக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அடுத்த ஓவரிலும் அவரே நிற்பார். சோலைமுத்து மட்டையை ஊன்றிக்கொண்டு பாலகுருவின் பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு."

"பேசாம நில்லுலே."

முதலில் ரிபாயின் ஆட்கள் நிஜமாகவே கோபாலசாமியை அவுட் ஆக்கப் பார்த்தார்கள். பந்து ஒன்று மட்டையில் பட்டு உயரே போனது. கீழே ஓடி வந்த பையன் தவறவிட்டான். ரிபாய் அவனைத் திட்ட வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. ஸ்கோர்போர்டைப் பார்த்தார், மீதி ஓவரைப் பார்த்தார், கறுப்புக் கண்ணாடியோடு குனிந்து நின்ற ஜெனரல் மானேஜரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்லா விட்டே மாப்புள" என்றார் பையனிடம். "இனிமேயும் விடு."

அதிலிருந்து கோபாலசாமிக்கு அப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்தது, சொந்த டீமே கொடுக்காதது. கேட்ச் வந்தால் கைகள் பின்னால் போயின. ரன் அவுட் வாய்ப்பில் பந்தை எறிந்தவன் குச்சிக்கு எதிர்த் திசையில் எறிந்தான். ஒரு பந்து நேராக வந்து, நடுக்குச்சிக்கு முன்னால் நீட்டிய மெல்போர்ன் கால் காப்பில் 'தொப்' என்று விழுந்தது. இதைவிடச் சுத்தமான எல்பிடபிள்யூவைப் பாடம் நடத்தக்கூட ஏற்பாடு செய்ய முடியாது. பந்து போட்டவன் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி, "ஹௌ..." என்றான். ரிபாய் ஓடி வந்து அவன் வாயைப் பொத்தினார்.

சோலைமுத்து திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, அவுட்டுதானே?"

"அவுட்டுதான்."

"குடுங்கண்ணே. அவர் போனாத்தான் நமக்குப் பொழப்பு."

"யாரும் அப்பீல் பண்ணலையேலே. கேக்காம குடுக்கக் கூடாது. ரூல்."

"நான் கேக்கட்டா?"

"பேட்டிங் பண்ணுதவன் எப்படிலே கேப்ப?"

"அவய்ங்க கேக்கமாட்டேங்கிறாய்ங்க, நாம கேக்கக் கூடாது. அப்ப யாருதாண்ணே கேக்குறது? கஃபீலா?"

கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாரா என்பது வேறு விஷயம். விரலைத் தூக்கினால் கோபாலசாமி நாளைக்கே சைட்டுக்கு அனுப்புவார். தூக்காவிட்டால் கஃபீலின் மகன் அடுத்த வாரம் அனுப்புவான். பாலகுருவின் மனக்கண்ணில் மஞ்சள் நிற பஸ் ஒன்று வந்து நின்றது. இரண்டு கதவும் திறந்திருந்தன.

ரிபாய் பக்கத்தில் வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஒங்க சாரு என்னமா ஆடுறாஹ, கவுண்டியண்ணே. கண்ணு பட்டுடும். அம்பது அடிக்காம அனுப்பமாட்டோம், ஆமா."

ஆறு ஓவரில் அறுபது வேண்டும் என்ற நிலையில் தண்ணீர் இடைவேளை வந்தது. கோபாலசாமி இருபத்தொன்றில் இருந்தார். தண்ணீரோடு ஓடி வந்த சுரேஷ்குமார் பாலகுருவின் காதில் சொன்னான்.

"யாராச்சும் சாரை வெளிய வரச் சொல்லணும்ணே."

"நீ சொல்லு."

"நானு புள்ளைய இப்பத்தான் ஸ்கூல்ல சேத்திருக்கேன்."

பாலகுரு கோட்டின் பொத்தானைத் தடவினார். பதினோரு வருடமாக அவர் சொன்ன கவுண்டி வழக்கங்களில் பாதி கேள்விப்பட்டது, மீதி அந்தந்த நேரத்துத் தேவை. ஆனால் எதுவும் அவருக்குச் சோறு போட வேண்டிய அவசரத்தில் பிறந்ததில்லை. இது பிறந்தது. கோபாலசாமியிடம் போனார்.

"சார், அருமையான இன்னிங்ஸ். ஒண்ணு சொல்லலாமா? இதப் பாக்கும்போது கவுண்டியில ஒரு வழக்கம் ஞாபகம் வருது."

கோபாலசாமி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "டெல் மீ."

"அங்க டீமுக்குப் புரவலரா ஒரு லார்டு இருப்பார். பெரிய எஸ்டேட்டு, பெரிய மீசை. முக்கியமான மேட்ச்ல அவரே இறங்கி ஆடுவார். ஆட்டத்த ஒரு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திட்டார்னா, அதுக்கு மேல ஆட மாட்டார். பேட்ட எளைய பையன் கையில குடுத்துட்டு, 'ஃபினிஷ் இட், மை பாய்'னு சொல்லிட்டு மெதுவா நடந்து வெளிய போவார். மொத்த மைதானமும் எந்திரிச்சு நின்னு கை தட்டும். லார்டு'ஸ் லீவ்னு பேரு."

"லார்டு'ஸ் லீவ்" என்று கோபாலசாமி சொல்லிப் பார்த்தார். வாய்க்கு நன்றாக இருந்தது. "பட், ஐயாம் செட் நௌ. ஃபிஃப்டி போகலாமே."

"ஃபிஃப்டி யாரு வேணா அடிக்கலாம் சார். கிளார்க்கு அடிப்பான். இது லார்டுங்களுக்கு மட்டும்தான். சாதாரண ஆளு இப்படி நடந்து போனா ஜனம் சிரிக்கும்."

"டீவில நான் பார்த்ததில்லையே."

"டீவிக்காரனை உள்ளேயே விட மாட்டாங்க சார்."

கோபாலசாமி தூரத்தைப் பார்த்தார். தூரத்தில் ஆலையின் புகைபோக்கியும் அதன் உச்சியில் நெருப்பும் தெரிந்தன. அவர் பார்த்தது எஸ்டேட்டாக இருக்கலாம். பிறகு சோலைமுத்துவை அருகில் அழைத்து, லண்டன் மட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஃபினிஷ் இட், மை பாய்."

"சரிங்க சார்" என்றான் சோலைமுத்து, பாதி புரிந்து.

கோபாலசாமி கையுறையைக் கழற்றியபடி நடக்கத் தொடங்கியதும் ரிபாய் குறுக்கே ஓடி வந்தார்.

"சார், எங்கே போறீஹ? போவாதீங்க சார். நீங்க போய்ட்டா ஆட்டத்துல என்ன ஈக்கிது? நாங்க யாருக்குப் பந்து போடுவோம்?"

அந்தக் கெஞ்சலில்தான் கோபாலசாமிக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்தது. எதிரியே கலங்குகிறான். ரிபாயின் தோளைத் தட்டினார். "பி பிரேவ்" என்றார்.

ரிபாய் அம்பயர் பக்கம் திரும்பினார். "கவுண்டியண்ணே, அடிபடாம, நோவு இல்லாம ஒரு ஆளு பாதியில போலாமா? இது எந்த ஊரு சட்டம்?"

"அவுட்டுன்னு எழுதிக்க சொல்லிட்டா போலாம். மத்தபடி கவுண்டியில உண்டு" என்றார் பாலகுரு.

கூடாரத்தில் டீம் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டியது. இவ்வளவு உண்மையான கைதட்டலை அந்த மைதானம் அதற்கு முன் கேட்டதில்லை. ஒருவன் விசில்கூட அடித்தான். கோபாலசாமி நான்கு திசைக்கும் தலை குனிந்தார். நாலாவது திசையில் யாரும் இல்லை, ஒரு தண்ணீர் லாரி நின்றது. அதற்கும் குனிந்தார்.

அதன் பிறகு நடந்ததில் விசேஷம் ஒன்றுமில்லை. புதிதாக வந்த ஸ்டோர் கிளார்க் ஒரு ரன் எடுத்து ஒதுங்கிக்கொண்டான். சோலைமுத்து பஸ் வந்துவிட்டது போல ஏறினான். அந்த லண்டன் மட்டைக்கு அன்றுதான் தன் வேலை இன்னதென்று தெரிந்தது. ஒரு பந்து தண்ணீர் லாரிக்கு மேலே போனது. ஒன்றை இன்னும் தேடுகிறார்கள். ஒரு ஓவர் மீதமிருக்கும்போதே ஆட்டம் முடிந்தது. ரிபாய் வந்து பாலகுருவின் கையைக் குலுக்கி, "ஒங்கள மாதிரி ஒரு சேல்ஸ்மேன் எங்கட கடையில இல்லாமப் போச்சே" என்றார். மனதாரச் சொன்னார்.

கோப்பை வந்தது. கஃபீலின் மகன் அதனுடன் போட்டோ எடுத்துக்கொண்டு, டீம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். ஆட்டநாயகன் விருது கோபாலசாமிக்கு. லீகுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர் கொடுத்தார். அவருடைய பில்களில் கையெழுத்துப் போடுகிறவர் கோபாலசாமி. ஏற்புரையில் லார்டு'ஸ் லீவின் தோற்றமும் வளர்ச்சியும் விரிவாகச் சொல்லப்பட்டன. பாலகுரு சொன்னதைவிட அதில் விவரம் அதிகம் இருந்தது. ஓர் அரசரின் பெயர்கூட வந்தது.

அன்று மதியம் வில்லாவில் பாலகுரு இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார். ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போன் போட்டு, ஒரு தந்திரத்தால் ஆட்டத்தையே திருப்பிவிட்டதாக மனைவி அகிலாவிடம் சொன்னார். எத்தனை ரன் எடுத்தீங்க என்று அவள் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திப் பல வருடமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்ததும் கோபாலசாமி கூப்பிட்டனுப்பினார். கோப்பை அவர் மேஜை மேல் இருந்தது. அவர் முகத்தில் ஏதோ ஒரு பெரிய கருத்து இரண்டு நாளாகக் குடியிருந்த களை தெரிந்தது.

"உட்காருங்க பாலகுரு. ஐ குட் நாட் ஸ்லீப். என்ன ஒரு டிரெடிஷன். ஆட்டத்தை நிலைநிறுத்திட்டு, கைதட்டல் இருக்கும்போதே விட்டுட்டுப் போறது. நம்ம ஆளுங்களுக்கு இது தெரியவே தெரியாது. கடைசி வரைக்கும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்."

"ஆமா சார்" என்றார் பாலகுரு.

"ஐ தாட் அபௌட் இட். என்னை லார்டாக்கினது நீங்க. பதினோரு வருஷம் இந்த கிரிக்கெட்டை நிலைநிறுத்தினது நீங்க. கப் வந்தாச்சு. இதைவிட நல்ல மொமென்ட் வருமா? யு மஸ்ட் டேக் இட் டூ."

பாலகுரு நாற்காலியின் நுனிக்கு வந்தார். "எதை சார்?"

"லார்டு'ஸ் லீவ். டீமை விட்டு. இன்னிக்கே அறிவிக்கிறேன். சோலைமுத்து வில்லாவுக்கு வர்றான், உங்க ரூமுக்கு. நீங்க மெயின் ஸ்ட்ரீமுக்குப் போறீங்க. ஷட்டவுன்ல மெட்டீரியலுக்கு ஆள் இல்லேன்னு தவிக்கிறாங்க. நம்மகிட்ட மெட்டீரியல் கோஆர்டினேட்டர் இருக்காரேன்னு அப்புறம்தான் ஸ்டிரைக் ஆச்சு."

"சார், அது... அது லார்டுங்களுக்கு மட்டும்தான் சார். நான் சாதாரண ஆளு."

கோபாலசாமி மேஜையைச் சுற்றி வந்து அவர் தோள்களைப் பிடித்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. கிண்டல் ஒரு துளியும் இல்லை. இருந்திருந்தால்கூடத் தப்பிக்க வழி கிடைத்திருக்கும்.

"இந்தப் பணிவுதான் பாலகுரு. இன் மை ஐஸ், யு ஆர் எ லார்டு."

சுரேஷ்குமார் வில்லாவில் காத்திருந்தான். கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முயன்று தோற்றான்.

"நேராப் போயி சொல்லிருங்கண்ணே. அந்த வழக்கமே கிடையாது, நான் கட்டிவிட்டதுன்னு. முடிஞ்சது."

"அப்ப அவரை ஏமாத்தி வெளிய அனுப்பினேன்னு ஆவாதா?"

"ஆவும். ஊருக்கு அனுப்பிருவாரு. அது வேணாம்னா, எங்கயோ கேட்டது, சரியாத் தெரியலன்னு சொல்லுங்க. முட்டாத்தனமா மறந்துட்டேன்னு சொல்லுங்க."

பாலகுரு யோசித்தார். ஒரு வழக்கம் இல்லை என்றால், மற்ற வழக்கங்களும் இருந்தனவா என்று கேட்பார்கள். வழக்கங்கள் போனால், கேட்ச் போகும். பிறகு அந்தப் பதினோரு ரன்னிலும் கை வைப்பார்கள். அந்த ரன்கள் நிஜம். ஒன்பதாவது ஆளாக இறங்கி, குளிரில் விரல் மரத்து, ஒரு மணி நேரம் நின்று எடுத்தவை. வாழ்நாளில் அவர் சொன்னவற்றில் யாரும் நம்பாவிட்டாலும் நிஜமாகவே இருக்கப்போவது அவை மட்டும்தான். வில்லாவையும் பார்த்தார். ஏசி, டிவி, மலப்புரத்துக் கோழிக்குழம்பின் வாசம்.

"கவுண்டியில அப்படியெல்லாம் பேச்சு மாத்த மாட்டாங்கலே" என்றார்.

சாயங்காலம் அகிலாவுக்குப் போன் செய்தார். கம்பெனி தன்னைச் சைட்டுக்கு மாற்றியிருக்கிறது, பொறுப்பு கூடுகிறது, நாளையிலிருந்து வேலை என்றார்.

"அப்போ இவ்வளவு நாளா பாத்தது என்னது?" என்றாள் அகிலா.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே வில்லா வாசலில் டீம் இரண்டு வரிசையாக நின்றது. கோபாலசாமியின் ஏற்பாடு. அவரே கோட்டு சூட்டோடு வந்திருந்தார். வரிசையின் கடைசியில் மஞ்சள் பஸ் நின்றது. பாலகுரு தோளில் பையோடு நடந்து வந்தார். இருபுறமும் கை தட்டினார்கள். சோலைமுத்து மட்டும் தட்டாமல், அவர் பையை வாங்கி பஸ்ஸில் வைத்துவிட்டு வந்து நின்றான். கோபாலசாமி ஒரு புது ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நீட்டினார். பாலகுரு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்துக்குக் கம்பி இல்லாத ஹெல்மெட்டை அவர் தலையில் வைத்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பஸ் டிரைவர், பெஷாவர்க்காரர், ஹாரனை அழுத்தினார். "யல்லா பாய், ஜல்தி. கேட் பந்த் ஹோ ஜாயேகா." ஆலையின் கேட்டை மூடிவிடுவார்கள் என்று அவருக்கு அவசரம்.

பாலகுரு அவசரமாகக் காலை எடுத்து வைத்தார். கோபாலசாமி அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மெதுவா, பாலகுரு. லார்டுகள் ஓடுறதில்லை."

பாலகுரு மெதுவாக நடந்தார். படியில் ஏறியதும் திரும்பி, ஹெல்மெட்டைக் கழற்றி, இரண்டு வரிசைக்கும் பொதுவாக உயர்த்திக் காட்டினார். உள்ளே நாற்பது பேர் காலைத் தூக்கத்தில் தலை தொங்கிக் கிடந்தார்கள். ஜன்னலோர இடம் எதுவும் காலியாக இல்லை.